தென்னங்கன்று வாங்கப் போகிறீர்களா? மட்டையின் நிறத்தைப் பாருங்கள்

சென்ற ஆடியில் ஒரு விவசாயி தன் தோப்பைப் பார்க்க அழைத்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் 'குட்டை நெட்டை ஒட்டு', அதாவது இரு ரகங்களின் கலப்பு, என்று சொல்லி விற்கப்பட்ட கன்றுகள். பாதிக்கு மேல் மெலிந்த தண்டும் ஆரஞ்சு நிறக் காய்களுமாக நின்றன. அத்தனையும் தனிக் குட்டை. இளநீருக்கு அருமையான ரகம்தான். ஆனால் அவர் கொப்பரைக்காக நட்டவர். "ஏமாந்துட்டேனா சார்?" என்றார். என்ன பதில் சொல்வது?

இந்த ஏமாற்றத்தை வாங்கிய அன்றே தவிர்த்திருக்கலாம். சௌகாட் ஆரஞ்சு குட்டை என்ற ரகத்தைத் தாயாக வைத்து, நெட்டையின் மகரந்தத்தைத் தூவி இந்த ஒட்டை உருவாக்குகிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில காய்கள் தாயின் இனத்து மகரந்தத்திலேயே பிடித்துவிடும். அவற்றின் கன்றில் மட்டைக் காம்பு ஆரஞ்சாகவே இருக்கும். உண்மையான ஒட்டில் அது பழுப்போடிய பச்சை. நாற்றங்காலிலேயே ஆரஞ்சுக் கன்றுகளைக் கழித்துவிட வேண்டும். கழிக்க மனம் வராதவர்கள் கலந்து விற்கிறார்கள். ஒன்று கவனியுங்கள்: நெட்டையைத் தாயாகக் கொண்ட ஒட்டுக்கு இந்த நிறக் கணக்கு உதவாது. அதற்கு நம்பகமான பண்ணையைத் தேடுவதுதான் வழி.

பலர் உயரமான கன்றைத்தான் தேடி எடுக்கிறார்கள். நிழலில் நெருக்கமாக வளர்ந்த கன்றும் உயரமாகத்தான் இருக்கும். நான் முதலில் கழுத்தை, அதாவது காயிலிருந்து தண்டு புறப்படும் இடத்தை, பிடித்துப் பார்ப்பேன். சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. வயது 9 முதல் 12 மாதம், குறைந்தது ஆறு இலை வேண்டும். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ, வெள்ளை மெழுகுச் சுருள்களாக அங்கேதான் முட்டையிடுகிறது.

நடுவதற்கு ஆனி, ஆடி அல்லது மார்கழி, தை ஏற்றவை. மூன்றடிக்கு மூன்றடி குழி, ஆழமும் மூன்றடி. தொழுவுரம், செம்மண், மணல் மூன்றையும் சம அளவில் கலந்து இரண்டடி வரை நிரப்பி, நடுவில் வையுங்கள். காய் மண்ணுக்குள் இருக்கட்டும், கழுத்து புதையக் கூடாது. தூக்கும்போது இலையைப் பிடிக்காமல் காயைப் பிடியுங்கள். முடைந்த ஓலையால் நிழல் கட்டுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை குழியருகே போய்ப் பாருங்கள். சரிந்த மண் கழுத்தை மூடியிருந்தால் கையாலேயே விலக்கிவிடுங்கள். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது அழுகினால் பக்கவாட்டில் வேறொன்று முளைக்காது.