இரும்பு தாங்கும், டிராக்டர் தாங்குமா?

சிங்கப்பூரில் சுங்கை காடுட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். லிம் சூ காங், கிராஞ்சி பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் நர்சரிகளிலிருந்தும் ஒரு வேலை திரும்பத் திரும்ப வரும். சின்ன டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் லோடர் பக்கெட்டில் மாட்ட இரண்டு ஃபோர்க் (நீட்டிய இரும்புக் கைகள்) செய்து தர வேண்டும், மண் மூட்டை அடுக்கிய பேலட்டைத் (மரத்தட்டை) தூக்க. சிலர் கேட்பதற்கு முன்பே தாங்களே செய்து மாட்டியும் விடுகிறார்கள்.

அப்படி ஒரு நர்சரியில் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபோர்க்கை வெட்டி, பக்கெட்டின் முன் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். 25 கிலோ மூட்டை பதினாறு. தூக்கினார்கள், தூக்கிற்று. சரிவில் திரும்பும்போது பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. பக்கத்தில் பேலட்டைப் பிடித்தபடி நடந்து வந்த தம்பி சட்டென்று விலகியதால் கால் தப்பியது. மறுநாள் நான் போனபோது அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “அண்ணே, ஃபோர்க் கொஞ்சம்கூட வளையல.”

வளையவில்லைதான். எல்லோரும் இரும்பைத்தான் பார்க்கிறார்கள். எடை எவ்வளவு முன்னால் போய்விட்டது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கெட்டின் நடுவில், முன் அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 450 கிலோ வரை அந்த டிராக்டர் பாதுகாப்பாகத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க் மாட்டியதும் பேலட்டின் நடு 1.6 மீட்டருக்குப் போய்விடுகிறது. 450-ஐ 1.6-ஆல் வகுத்தால் 281 கிலோ. ஃபோர்க்கும் அதன் பிடியும் சேர்ந்து 70 கிலோ, அது 1.2 மீட்டரில் தொங்குவதால், பேலட் இருக்கும் 1.6 மீட்டரில் சுமார் 53 கிலோவுக்குச் சமம். அதையும் கழித்தால் மிஞ்சுவது சுமார் 230 கிலோ. அதாவது ஒன்பது மூட்டை. அவர்கள் ஏற்றியது 400 கிலோ. கையேட்டில் போட்டிருக்கும் தூக்கும் திறன் பெரும்பாலும் பக்கெட்டை மாட்டும் ‘பின்’ என்கிற இரும்பு ஆணி இருக்கும் இடத்தில் அளந்தது, ஃபோர்க் நுனியில் அளந்ததில்லை. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

இது முன்பக்கம் கவிழ்வதற்கான கணக்கு மட்டும். பக்கவாட்டில் நிலைமை இன்னும் மோசம். இந்த டிராக்டர்களின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடும். பார்க்க நான்கு சக்கரம் என்றாலும், டிராக்டர் நிற்பது பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் நடுவில் அந்த ஆணி என்று முக்கோணத்தில்தான். சுமை உயர உயர அந்த முக்கோணத்தை விட்டு வெளியே சாய்வது எளிதாகிவிடும். ஆகவே தரையோடு ஒட்டித் தாழ்த்தி ஓட்டுங்கள். பின்னால் எதிர் எடை கட்டுங்கள். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கிற டிராக்டரில் சீட் பெல்ட்டைப் போட்டே ஆக வேண்டும். சுமைக்குப் பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது.

வெல்டிங் பற்றி இரண்டு வார்த்தை. பக்கெட்டின் கட்டிங் எட்ஜ் (மண்ணை வெட்டும் முன் விளிம்பு) பல வண்டிகளில் கடினப்படுத்திய எஃகு. அதில் சூடேற்றாமல் நேராக வெல்டு வைத்தால் வெல்டுக்கு ஓரமாக இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இங்கே இருக்கிற ஈரக்காற்றில் திறந்து வைத்த 7018 ராடு (ஒரு வகை வெல்டிங் குச்சி) ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உள்ளே விரிசலை உண்டாக்கும். வெல்டு வைத்த அன்று கண்ணுக்குத் தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் திறக்கும். நான் இதை நிறைய பார்த்திருக்கிறேன். ராடை ஓவனில் வைத்து எடுங்கள். எர்த் கிளாம்பை (கரண்ட் திரும்பிப் போகும் பிடியை) வெல்டு இடத்துக்கு அருகிலேயே போடுங்கள். தள்ளிப் போட்டால் கரண்ட் இணைப்பு ஆணிகள், பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தூக்கி நிறுத்திய பக்கெட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் உட்கார்ந்து வெல்டு வைப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கொக்கி வெல்டு வைத்துச் செயின் போட்டுத் தூக்கினால் சங்கதி வேறு. செயின், அதை இணைக்கும் ஷேக்கிள் எல்லாம் தூக்கும் கருவிகள். அவற்றின் மேல் தாங்கும் எடை குறித்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் வருடம் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். “இது பண்ணைதானே, கட்டுமான சைட் இல்லையே” என்று சில முதலாளிகள் சொல்வார்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும், நர்சரிக்கும் சேர்த்துத்தான். அப்புறம், மரக்கிளை வெட்டவோ விளக்கு மாற்றவோ ஆளைப் பக்கெட்டில் நிறுத்தித் தூக்கக் கூடாது. ஐந்து நிமிட வேலை என்றாலும் கூடாது.

ஆபத்தை முதலாளியிடம் சொல்லப் பயமாக இருந்தால் மனிதவள அமைச்சுக்கு ஸ்நாப்சேஃப் சேவை வழியாகப் படம் எடுத்து அனுப்பலாம். ஆனால் முதலில் சூப்பர்வைசரிடம் அந்த ஒன்பது மூட்டைக் கணக்கைக் காட்டுங்கள். பல பேர் கணக்கைப் பார்த்ததும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த நர்சரிக்குப் பிறகு நாங்கள் வேறு மாதிரி செய்து கொடுத்தோம். பக்கெட்டையே கழற்றிவிட்டு, அது மாட்டும் பின்னிலேயே ஃபோர்க் சட்டத்தை நேராக மாட்டினோம். சுமை டிராக்டருக்குக் கிட்ட வந்தது, பக்கெட்டின் எடையும் போயிற்று. வண்டி விற்றவரிடம் அளவுகளைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வெல்டு வைத்தோம். எத்தனை மூட்டை வரை ஏற்றலாம் என்பதை அந்தத் தம்பியே மஞ்சள் பெயின்டில் தமிழிலும், கூட வேலை செய்கிறவர்களுக்காக வங்காளத்திலும் சீனத்திலும் சட்டத்தின் மேல் எழுதி வைத்திருக்கிறார்.