பாரும் சாலும்: ‘ரிட்ஜ் அண்ட் ஃபர்ரோ’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள நார்தாம்ப்டன்ஷயர், லெஸ்டர்ஷயர், வாரிக்ஷயர் ஆகிய வட்டாரங்களின் பழைய மேய்ச்சல் நிலங்களில், குளிர்கால மாலை வெயில் சாய்வாக விழும்போது, புல்தரை முழுவதும் அகன்ற மேடுகளும் அவற்றுக்கிடையே ஆழமில்லாத பள்ளங்களும் அலையலையாக ஓடுவது தெரியும். உச்சி வெயிலில் அதே நிலம் ஏறக்குறைய சமதரைபோலத் தோன்றும். இடைக்கால உழவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏரோட்டியதால் உருவான இந்த நிலவடிவத்தையே தொல்லியலார் ‘ரிட்ஜ் அண்ட் ஃபர்ரோ’ என்கிறார்கள்.

‘ரிட்ஜ்’ என்பதன் பழைய ஆங்கில மூலச்சொல் முதுகைக் குறித்தது. விலங்கின் முதுகுத்தண்டு போல உயர்ந்து நீளும் எதற்கும் அது பின்னர் பெயராயிற்று. ‘ஃபர்ரோ’வின் மூலம் ‘ஃபுர்ஹ்’, அதாவது கலப்பை கீறிய சால். நம் ஊர்ச் சாலைகளில் தூரம் சொல்லப் பயன்பட்ட ‘பர்லாங்’ என்னும் சொல்லும் இந்த ஃபுர்ஹிலிருந்தே வந்தது. ‘ஒரு சாலின் நீளம்’ என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரு பர்லாங் 220 கஜம், ஏறத்தாழ 201 மீட்டர். அந்த நீளத்துக்கு 22 கஜம் அகலம் சேர்த்தால் 4,840 சதுர கஜம், அதாவது ஓர் ஏக்கர். பத்திரப் பதிவில் நாம் அன்றாடம் எழுதும் ஏக்கருக்குள் எருதுகள் நடந்த தூரம் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி.

தமிழில் பெயர்க்க முனைபவருக்கு முதலில் ‘வரப்பும் வாய்க்காலும்’ என்று எழுதத் தோன்றும். அது பிழை. வரப்பு எல்லை காட்டுவது, நீரைத் தேக்குவது. அதை உழுது பயிரிடுவதில்லை. ஆனால் இங்கிலாந்தின் இந்த மேடு முழுக்க முழுக்க விளைநிலம்; கோதுமையும் வாற்கோதுமையும் வளர்ந்த இடமே அதுதான். வாய்க்கால் நீரைக் கொண்டுவருவது. அங்குள்ள சாலோ, நடுப்பகுதியின் கனத்த களிமண்ணில் தேங்கும் மழைநீரை வடியவிட்டது. ‘மேடு பள்ளம்’ என்றாலோ உழவு என்பதே காணாமற்போய்விடுகிறது.

நம் உழவர் வழக்கில் இதற்கு நெருங்கிய இணை ‘பாரும் சாலும்’ என்பது. பார் என்பது பயிருக்காக மண்ணை அணைத்து எழுப்பும் நீள்மேடு. கரும்புக்கும் பருத்திக்கும் பார் பிடிப்பதையும் பார் அணைப்பதையும் அறிந்தவருக்கு வடிவம் உடனே புலப்படும். எனினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நம் பார் மண்வெட்டியாலோ கலப்பையாலோ ஒரு பருவத்துக்கென்று எழுப்பப்படுவது. அடுத்த உழவில் கலைந்துவிடும். அகலம் ஓரிரண்டு அடிக்கு மேல் போகாது. இங்கிலாந்துப் பார் பல மீட்டர் அகலமானது, நூற்றாண்டுகளாகத் தானே திரண்டது. காரணம் கலப்பையின் அமைப்பு. நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறி இருபுறமும் தள்ளும். அவர்களுடைய கனத்த கலப்பையிலோ வலப்பக்கம் அசையாத இறக்கைப் பலகை ஒன்று இருந்தது. அது மண்ணை எப்போதும் வலப்புறமே புரட்டிப் போட்டது. உழவர் தம் துண்டுநிலத்தின் நடுக்கோட்டை, கோயிலை வலம் வருவதுபோல, வலஞ்சுழியாகச் சுற்றி உழுதார். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மண் நடுவை நோக்கியே விழுந்தது, ஓரம் ஆழ்ந்தது, நடு உயர்ந்தது. இந்த உருவாக்கம் பெயரிலேயே தெரியும்படி ‘உழவுப்பாரும் சாலும்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை.

பழைய, அகன்ற உழவுப்பார்கள் நேர்கோடாகவும் ஓடுவதில்லை. ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தாற்போல மெல்ல வளைகின்றன. எட்டு எருதுகள்வரை பூட்டிய நீண்ட ஏரைச் சட்டென்று திருப்ப முடியாது; ஏரைத் திருப்புவதற்கென வயலின் முனையில் விட்ட ஓரநிலத்தை எட்டும் முன்பே எருதுகளை இடப்பக்கம் சாய்த்து நடத்த வேண்டும். அந்தச் சாய்வுதான் மண்ணில் வளைவாகப் பதிந்தது.

தடம் இன்றுவரை நிலைத்ததற்குக் காரணம், உழவு நின்றதே. 1348–49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய்க்குப் பின் உழவுக்கு ஆள் குறைந்தது. கம்பளிக்காகப் பல நிலங்கள் ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டன. பின்னர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள், ஊரார் துண்டு துண்டாகப் பங்கிட்டுப் பயிரிட்ட பொதுவயல்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கின. புல் மூடிய இடங்களில் பார் காப்பாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதன்பிறகும் நடந்த டிராக்டர் உழவில் பெரும்பகுதி அழிந்தது. பொதுவயல் முறை இன்னும் நடப்பிலுள்ள அரிய ஊர் நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன்.

அருகே சென்று குனிந்து பார்த்தால் செடிகளே சாட்சி சொல்லும். வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும் பட்டர்கப் செடியின் கிழங்குள்ள வகை நீர் வடியும் பாரின் உச்சியிலும், படர்ந்து வேர்விடும் வகை ஈரமான சாலிலும் தனித்தனியே வளர்வதால், மேடு தேய்ந்த இடத்திலும் கோடுகளை அடையாளம் காணலாம்.

பாரும் சாலும் கண்ட இடமெல்லாம் இடைக்காலப் பொதுவயல்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. வரலாற்றாய்வாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு 1940களின் பிற்பகுதியில், பழைய நிலவரைபடங்களிலுள்ள துண்டுநிலங்கள் பார்களோடு பொருந்துவதைக் காட்டினார்; மற்றொரு வரலாற்றாய்வாளரான எரிக் கெரிட்ஜ் அதை மறுத்து, வேலியிட்ட தனிநிலங்களிலும் பார் பிடித்து உழுதார்கள் என்றார். குறுகலாகவும் அளந்து போட்டதுபோல நேராகவும் ஓடும் பார்கள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எனவே கலைச்சொல்லுக்குள் ‘இடைக்கால’ என்னும் அடையைப் புகுத்தாமல், அகலமும் வளைவும் பார்த்துக் காலத்தைத் தனியே குறிப்பதே முறை.