கடைசி நாள் நைட்ரஜனுக்கு

கரீபியன் தீவில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலடியில் நீந்தும் டைவிங், என்றால் பணக்காரர் பொழுதுபோக்கு என்றுதான் தோன்றும். செலவைப் பிரித்துப் பார்த்தால், விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் அடுத்தபடியாகப் பணத்தை விழுங்குவது படகு. எரிபொருள், மாலுமி, வழிகாட்டி என்று ஒவ்வொரு டைவுக்கும் தனிக்கட்டணம். பொனேர் தீவில் இந்தப் படகே தேவைப்படுவதில்லை. வெனிசுவேலாவுக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த டச்சுத் தீவில் பிக்கப் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, சிலிண்டர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போனால் போதும். வழியில் டைவ் இடங்களின் பெயர் எழுதிய மஞ்சள் கற்கள் தென்படும். வண்டியை நிறுத்தி, கருவிகளை மாட்டி, நடந்தே கடலில் இறங்கிவிடலாம். இப்படிக் கரையிலிருந்தே போகக்கூடிய இடங்கள் 50-க்கும் மேல்.

இந்த வசதி காற்றும் நிலமும் சேர்ந்து கொடுத்தது. அங்கே வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. அலையெல்லாம் கிழக்குக் கரையில் மோதி ஓய்ந்துவிட, மேற்குக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. பவளத்திட்டும் அந்தப் பக்கம் கரையை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. சில நிமிடம் நீந்தினால் சுமார் 10 மீட்டர் ஆழத்தில் அதன் விளிம்பு வரும். அங்கிருந்து 30 மீட்டருக்கும் கீழே சரிவு. மழை குறைந்த, கள்ளிச்செடி மண்டிய வறண்ட தீவு என்பதால் வண்டலைக் கொண்டுவந்து கொட்ட ஆறும் கிடையாது. தண்ணீரின் தெளிவுக்கு அதுவே காரணம். வழக்கமான சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பது இன்னொரு நல்வாய்ப்பு. 1999 நவம்பரில் லென்னி சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தபோதோ, பாதுகாப்பான கரை என்று நம்பியிருந்த பக்கமே அடி வாங்கியது. மனிதர்கள் செய்யும் சேதத்துக்கு முன்பே கடிவாளம் போட்டுவிட்டார்கள்: 1971-இல் ஈட்டி வைத்து மீன் பிடிக்கத் தடை, 1979-இல் தீவைச் சுற்றிக் கடல் பூங்கா. இன்று அங்கே டைவர்கள் கையுறை போடக்கூட அனுமதி இல்லை. கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் துணிவு வந்துவிடும் அல்லவா?

ஐந்து நாள் விடுமுறையில் போகிறவருக்கு உடனே ஒரு பேராசை வரும். சிலிண்டர் எத்தனை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்கிற மொத்தக் கட்டணத் திட்டம், கடல் வாசலில், காலையில் இரண்டு, மாலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஐந்து நாளும் இறங்கினால் என்ன? இங்கேதான் உடம்பு குறுக்கே வருகிறது. உடம்பில் சேரும் நைட்ரஜன் என்று சொன்னால் இன்னும் சரி.

கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தம் கூடும். கடலுக்கு மேலே உள்ள காற்றின் ஒன்றையும் சேர்த்து, 20 மீட்டரில் மொத்தம் 3 வளிமண்டலம். சிலிண்டரோடு இணைத்து வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் அதே அழுத்தத்தில்தான் காற்றைத் தருகிறது. இல்லையென்றால் நெஞ்சை விரித்து மூச்சிழுக்கவே முடியாது. காற்றில் 79 விழுக்காடு நைட்ரஜன். ஆக, தரையில் 0.79 வளிமண்டலமாக இருந்த நைட்ரஜனின் அழுத்தம் 20 மீட்டரில் 2.37 ஆகிறது. ஆக்சிஜனை உடல் எரித்துவிடும். நைட்ரஜனை உடலால் பயன்படுத்த முடியாது. அது நுரையீரல் வழியாக ரத்தத்தில் கரைந்து, ரத்தம் போகும் இடமெல்லாம் போய்க் குடியேறுகிறது. மேலே வரும்போது வந்த வழியே திரும்ப வேண்டும். அவசரப்படுத்தினால் குமிழியாகிவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் கோலி சோடாவைத் திறந்து காட்டுவார்கள். அது பாதிதான் பொருந்தும். சோடா திறந்த மாத்திரத்தில் பொங்கிவிடும். உடம்பு அப்படிப் பொங்குவதில்லை. தாங்க வேண்டியதற்கு மேல் ஓரளவு வாயுவைக் கரைந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருக்க அதற்கு முடியும். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைக் கண்டுபிடித்ததுதான் டைவிங் அறிவியலின் பெரிய வேலை.

அதைத் தொடங்கிவைத்தவர் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவரும் சகாக்களும் ஆடுகளை இரும்பு அறையில் அடைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். 1908-இல் முடிவை வெளியிட்டார்கள். 10 மீட்டரில், அதாவது 2 வளிமண்டலத்தில், எவ்வளவு நேரம் இருந்தாலும் நேராக மேலே வந்துவிடலாம் என்று அவர்கள் கருதினார்கள். எனவே அழுத்தம் பாதியாகக் குறைவதை உடல் பொறுத்துக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. பின்னால் வந்தவர்கள் இந்த விகிதத்தைத் திருத்தினார்கள். ஆனால் அவருடைய இன்னொரு யோசனை இன்றும் நிற்கிறது: உடலில் எல்லாத் திசுவும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. ரத்தம் பாயும் மூளை சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். ரத்த ஓட்டம் குறைந்த மூட்டுகளும் கொழுப்பும் மெதுவாக ஏற்றும், மெதுவாகவே இறக்கும்.

இதை ‘அரைக்கால’க் கணக்கில் சொல்வார்கள். அரைக்காலம் 5 நிமிடம் உள்ள திசு, நிரம்ப வேண்டியதில் பாதியை 5 நிமிடத்திலும், மிச்சத்தில் பாதியை அடுத்த 5 நிமிடத்திலும் ஏற்றிக்கொள்ளும். ஹால்டேன் அப்படி ஐந்து வகையை வைத்துக் கணக்குப் போட்டார். மிக மந்தமானதற்கு 75 நிமிடம். சூரிச்சைச் சேர்ந்த மருத்துவர் ஆல்பர்ட் பூல்மான் பிற்பாடு அதைப் பதினாறாக விரித்தார். அவர் மாதிரியின் கடைசித் திசுவுக்கு அரைக்காலம் 635 நிமிடம். நாம் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்குள் ஓடுவது இந்தக் கணக்குதான். உடம்பில் உள்ள நைட்ரஜனை அது அளப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவே.

அந்த 635 நிமிடத் திசுவைக் கவனியுங்கள். 45 நிமிட டைவ் ஒன்றில் அது ஏற்க வேண்டியதில் ஐந்து விழுக்காடு அளவுக்குத்தான் ஏற்கும். அற்பம். ஆனால் இரவு 12 மணிநேரம் ஓய்வெடுத்தாலும், சேர்ந்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மறுநாள் காலையிலும் மிச்சம் இருக்கும். அதன்மேல் நான்கு டைவ். அடுத்த இரவும் முழுதாக இறங்காது. ஐந்து நாளில் இந்தப் பாக்கி படிப்படியாக ஏறிக்கொண்டே போகும்.

கடல்மட்டத்திலேயே இருந்தால் இதனால் பெரிய சங்கடமில்லை. டைவ் முடித்து வருகிற பலருடைய ரத்தத்தில் சிறு குமிழிகள் ஓடுவதை அல்ட்ராசவுண்டில் கேட்க முடிகிறது. நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. (நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே, கருவிலிருந்தபோது இருந்த துவாரம் முழுதாக மூடியிருக்காது. அந்த வழியே குமிழி வடிகட்டியைத் தாண்டிவிடலாம் என்பதும் உண்மை.) சிக்கல் விமானத்தில் வருகிறது. பயணிகள் அறையின் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு இணையாகக் குறையலாம், அதாவது 0.75 வளிமண்டலம். நைட்ரஜனின் பார்வையில், தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும் நீங்கள் இன்னொரு இரண்டரை மீட்டர் மேலே எழும்புகிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் குமிழி மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் முதுகுத்தண்டுப் பாதிப்பு. டைவர்கள் ‘பெண்ட்ஸ்’ என்று சொல்லும் நோய் இதுதான்.

எனவேதான் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு இடைவெளி சொல்கிறது: ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணிநேரம், பல நாள் தொடர்ந்து இறங்கியிருந்தால் 18, மேலே வரும்போது கட்டாயமாக நிறுத்தி நிறுத்தி வரவேண்டிய ஆழ டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம். இவை ‘குறைந்தது’ என்பதை மறந்து, 18 ஆன நிமிடமே பறப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

பாக்கியைக் குறைக்க வழி உண்டு. நைட்ராக்ஸ் என்ற கலவையில் ஆக்சிஜன் 32 விழுக்காடாக உயர்த்தப்பட்டிருக்கும். நைட்ரஜன் 68-ஆகக் குறையும். நாளைக்கு மூன்று நான்கு முறை இறங்குபவருக்கு அதற்கான பயிற்சிக் கட்டணம் வீண்போகாது. ஆனால் சுமார் 33 மீட்டருக்குக் கீழே அந்தக் கலவையின் ஆக்சிஜனே நஞ்சாகக்கூடும் என்பதால் ஆழம் போக ஆசைப்படுபவருக்கு அது உதவாது. செலவே இல்லாத வழியும் இருக்கிறது: ஆழம் குறைத்துக்கொள்வது. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி, இடையில் நிற்காமல் மேலே வர 30 மீட்டரில் 25 நிமிடம்தான் அனுமதி. 18 மீட்டரில் 60. பொனேரில் விளிம்பே 10 மீட்டரில் இருக்க, மீனும் பவளமும் மேலேயே குவிந்து கிடக்க, கீழே போய் நேரத்தைத் தொலைப்பானேன்? 1984-இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பார்க்க மட்டும் 30 மீட்டர் வரை இறங்கலாம். அதையும் முதல் இரண்டு நாளில் முடித்துவிடுவது நல்லது.

மேலே வந்ததும் உடம்பை வருத்தாமல் இருப்பதும் முக்கியம். கடும் உழைப்பு குமிழிகளைக் கூட்டும். ‘ஆயிரம் படிகள்’ என்று ஒரு டைவ் இடம் அங்கே பிரபலம். உண்மையில் எழுபதுக்கும் குறைவான படிகள்தான். ஆனால் சிலிண்டரைச் சுமந்து ஏறுகிறவர் எண்ணிக்கையைப் பற்றிச் சண்டை போடமாட்டார். மெதுவாக ஏறுங்கள்.

கடைசி நாளை எங்கே கழிப்பது? தெற்கே உப்பளங்களில் பூநாரைகள் இருக்கின்றன; பக்கத்திலேயே, உப்பு வாரிய அடிமைகளுக்காக 1850-இல் கட்டிய, ஆள் நிமிர்ந்து நுழைய முடியாத சிறு குடிசைகள். வடக்கே தேசியப் பூங்காவில் பிராண்டாரிஸ் குன்று. தீவின் உச்சியான அதன் உயரமே 241 மீட்டர்தான். காற்றழுத்தம் அதிகம் குறையாது. அதே கரீபியனில் சாபா தீவுக்குப் போகிறவர் இதைச் சொல்ல முடியாது. அங்கே உச்சி 870 மீட்டருக்கு மேல். டைவ் முடித்த கையோடு அந்த மலையேறினால் சிறு விமானப் பயணம் செய்த கணக்கு.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் டைவிங் காப்பீடு. பெண்ட்ஸுக்குச் சிகிச்சை, நோயாளியை அழுத்த அறையில் 2.8 வளிமண்டலத்துக்குக் கொண்டுபோய் முழு ஆக்சிஜன் கொடுத்து மணிக்கணக்கில் மெல்ல இறக்குவது. சாதாரணப் பயணக் காப்பீடு அதற்குக் கொடுக்குமா என்பதை முன்பே படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கைப் பயணச்சீட்டு வாங்கும்போதே போட்டுவிடலாம். காலை 8 மணி விமானம் என்றால், 18 மணிநேரம் கழித்துப் பார்க்க, முந்தைய நாள் பிற்பகல் 2 மணிக்குள் கடைசியாகக் கரையேறியிருக்க வேண்டும். மாலை 6 மணி விமானம் என்றால் அந்த எல்லை நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். பிற்பகல் டைவ் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும், இடைவெளியும் 18-ஐத் தாண்டி நிற்கும். காலைச் சீட்டு சற்று மலிவாகத் தெரிந்தாலும், ஐந்தே நாள் தங்குபவருக்கு நான் மாலைச் சீட்டைத்தான் சொல்வேன்.