சேஃப்டி கல்ச்சர்: சூதானமும் காப்பும்

மதுரை திருப்பாலையில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது நடந்தது இது. பூச்சு வேலைக்குக் கட்டிய சாரத்தில் ஏறிய சித்தாள் அக்கா பாதியில் நின்று, "மேஸ்திரிண்ணே, சாரம் ஆடுது" என்றார். கீழே நின்ற மேஸ்திரி, "சூதானமா ஏறு தாயி, ஒண்ணும் ஆகாது" என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் அதே சாரத்தில் கயிறு நழுவி, பலகை சரிந்து, கொத்தனார் ஒருவர் பத்தடி உயரத்திலிருந்து விழுந்தார். மணிக்கட்டு முறிந்து மூன்று மாதம் அவரால் கரண்டி பிடிக்க முடியவில்லை.

சூதானம் எங்கள் பக்கத்துச் சொல். மற்ற ஊர்களில் ஜாக்கிரதை என்பார்கள், பத்திரம் என்பார்கள். மதுரையில் பஸ் ஏறும் பிள்ளையிடம் அம்மா சொல்வது "சூதானமா போய்ட்டு வா" என்றுதான். பாசம் நிறைந்த சொல், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது எப்போதும் 'நீ' என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லப்படுவது. வீட்டு வாசலில் அது சரி. ஆடுகிற சாரத்தின் கீழே நின்று அதைச் சொன்னால், சாரத்தின் குறை ஏறுகிறவரின் தலையில் போய் விழுகிறது. விழுந்த பிறகும் "அவன் சூதானமா இருந்திருக்கணும்" என்றே பேச்சு முடிந்துவிடுகிறது. கயிற்றை யார் கட்டினார், யார் பார்த்தார், ஆடுகிறது என்று சொன்னபோது ஏன் யாரும் நிறுத்தவில்லை என்ற கேள்விகளே வருவதில்லை. சேஃப்டி கல்ச்சர் என்ற சொற்றொடர் பிறந்தது அந்தக் கேள்விகளிலிருந்துதான்.

கட்டுமானத் துறைக்கு இது வெளியிலிருந்து வந்த சொல். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. ஒரு சோதனைக்காகச் சில பாதுகாப்பு ஏற்பாடுகளை நிறுத்திவைத்து உலையை இயக்கியிருந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்து பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு அதே ஆண்டு கொடுத்த அறிக்கை வழியாகத்தான் இந்தச் சொல் உலகத்துக்கு அறிமுகமானது. 1991-இல் அதே குழு இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டு வரையறையும் தந்தது. நிறுவனத்திடமும் அதில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரிடமும் ஊறியிருக்கும் குணங்கள், மனப்போக்குகள் ஆகியவற்றின் சேர்க்கை. அதனால் பாதுகாப்புக்கு உரிய கவனம் மற்ற எதையும்விட முதலில் கிடைக்கும். இதுதான் அதன் சாராம்சம். அணு உலையிலிருந்து விமானம், சுரங்கம், கட்டடம் என்று சொல் பரவியது.

தமிழில் இதைப் பாதுகாப்புக் கலாச்சாரம் என்று பலர் எழுதுகிறார்கள். பிழையில்லை. கலாச்சாரத்துக்குள் இருக்கும் ஆசாரம் நடத்தையைக் குறிப்பதுதான். இருந்தாலும் நான் பாதுகாப்புப் பண்பாடு என்றே எழுதுவேன். கல்ச்சர் என்பதன் லத்தீன் வேர் நிலத்தை உழுது பயிரிடுவதைக் குறிக்கும். பண்பாட்டுக்குள் இருப்பது பண்படுதல். நாமும் நிலத்தைப் பண்படுத்துகிறோம். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். நல்ல தேர்வு. ஒருமுறை உழுதுவிட்டு விட்டால் நிலம் மறுபடி இறுகிவிடும், ஒவ்வொரு பருவமும் உழ வேண்டும். சைட்டில் முதல் நாள் மட்டும் ஹெல்மெட் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வது ஒரு உழவுக்குக்கூடச் சேராது.

அப்புறம் காப்பு. காப்பு என்றால் காவல், கையில் போடும் வளையம், நூலின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுள். மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருவது மாரியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதுதான். மஞ்சள் துணியோ கயிறோ கட்டிக்கொள்வது பூசாரியும் நேர்ந்துகொண்ட சிலரும் மட்டும். ஆனால் கட்டுப்பாடு ஊர் முழுவதற்கும். காப்புக் கட்டியாகிவிட்டால் வெளியூர் போனவர்கள் ராத்தங்காமல் திரும்பிவிடுவார்கள், வீடுகளில் கவுச்சி சமைக்க மாட்டார்கள். யாராவது மீறினால் திண்ணையில் இருக்கும் பாட்டியே கேட்பார், பெரிய வீட்டுக்காரரையும் கேட்பார். அவருக்கு அந்த உரிமையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சேஃப்டி கல்ச்சர் என்றால் என்ன என்று ஒரு மேஸ்திரி கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சைட்டுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது என்று எல்லாரும் நடந்துகொள்வது. சித்தாள் சொன்னாலும் என்ஜினியர் இறங்கிவந்து பார்ப்பது.

பாதுகாப்புக்கு ஏமம் என்று இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு. 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்' என்ற குறளில் வரும் ஏமரா மன்னன், காவல் இல்லாத அரசன். அவனுக்குப் படை இருக்கலாம், கோட்டை இருக்கலாம். தப்பை முகத்துக்கு நேரே இடித்துச் சொல்ல ஆள் இல்லை, அதனால் காவலும் இல்லை. அன்று எங்கள் சைட்டில் இடித்துச் சொல்ல ஒருவர் இருந்தார். "சாரம் ஆடுது" என்ற இரண்டே சொல்லில் சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை, நான் உட்பட.

1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 500 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. நம் பக்கத்தில் வீடு கட்டுவது ஆறு பேர், எட்டு பேர். அங்கே குழு வராது, பாதுகாப்பு அதிகாரியும் வரமாட்டார். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் உண்டு. கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்ட எங்கள் சாரத்துக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும்.

எழுதும்போது ஒன்று. பாதுகாப்புப் பண்பாடு என்பதில் நடுவே 'ப்' கட்டாயம் வரும், போர்டுகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு வேறு, பாதுகாப்புப் பண்பாடு வேறு என்பதையும் கலக்காமல் எழுதலாம். பெல்ட்டும் வலையும் ஹெல்மெட்டும் ஏற்பாடு. "இங்கே ஏற்பாடெல்லாம் இருக்கிறது, பண்பாடுதான் இல்லை" என்று ஒருவர் சொன்னால், ஹெல்மெட்கள் சிமெண்ட் மூட்டை அறையில் பூட்டிக் கிடக்கின்றன என்று பொருள்.