தலைப்பில் காணாமல் போகும் சாய்கோடு

சாஸ் புள்ளியியல் மென்பொருளில் நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை அளவுகளை ரிப்போர்ட்டாக எடுக்கிறீர்கள். நெடுவரிசைக்கு 'குளுக்கோஸ் மி.கி/டெ.லி' என்று தலைப்பு வைக்கிறீர்கள். வந்து நிற்கும் அட்டவணையில் 'டெ.லி' மட்டும் தனியாக அடுத்த வரிக்கு இறங்கியிருக்கும். நடுவிலிருந்த சாய்கோட்டைக் காணோம்!

மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை. ரிப்போர்ட் தயாரிக்கும் 'ப்ராக் ரிப்போர்ட்' கட்டளைக்குச் சாய்கோடு என்றால் 'இங்கே வரியை மடி' என்று பொருள். மடித்த பிறகு அந்தக் குறியை அது அச்சிடுவதில்லை. மருத்துவ அட்டவணையில் இது சின்ன விஷயம் இல்லை. அலகு சிதைந்தால் எண்ணுக்கே அர்த்தம் கெடுகிறது. 'ஸ்ப்ளிட்' என்ற விருப்பத்தில் சாய்கோட்டுக்குப் பதிலாக, தலைப்புகளில் எங்கும் வராத ஒரு குறியை, உடுக்குறியையோ (*) அலைக்குறியையோ (~), கொடுத்துவிட்டால் போதும். எங்கே மடிப்பது என்பதும் நம் கைக்கு வந்துவிடும்.

மடிக்கும் தேவை ஏன் வருகிறது? மதிப்புகள் மூன்று இலக்கம்தான், தலைப்போ நீளம். மடிக்காவிட்டால் தலைப்புக்காகவே நெடுவரிசை அகன்று, பக்கத்து எண்கள் விலகிப் போகும், கண் வரிசை தவறும்.

நீளமான தலைப்பு எழுத முடிவதே, மாறியின் (ஒரு நெடுவரிசையின் மதிப்புகளைத் தாங்குவது) பெயரும் அதன் லேபிளும் தனித்தனியாக இருப்பதால்தான். பெயர் நிரலுக்கானது. 7-ஆம் பதிப்புக்கு முன் அதில் 8 எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. பிறகு 32 ஆயிற்று. லேபிள் படிப்பவருக்கானது. இடைவெளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் அது ஏற்கும். லேபிள் இருந்தால் ப்ராக் ரிப்போர்ட் தானாகவே அதைத் தலைப்பாக்கிக்கொள்ளும். தரவைப் பட்டியலாக அச்சிடும் 'ப்ராக் பிரிண்ட்' கட்டளை அப்படியில்லை. கேட்டால்தான் லேபிளைக் காட்டும், இல்லையேல் மாறியின் பெயரையே போடும். ஆனால் அதில் ஸ்ப்ளிட் குறி கொடுத்தாலே லேபிளைக் கேட்டதாக எடுத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது பல நெடுவரிசைகளுக்கு மேல் பரவும் பொதுத் தலைப்பு. நெடுவரிசைகளைப் பட்டியலிடும் 'காலம்' (column) கட்டளையில் சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்ற இரு மாறிகளையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அவற்றுக்கு முன்னால் மேற்கோளில் 'ரத்த அழுத்தம்' என்று எழுதினால், அது இரண்டுக்கும் மேலே ஒரே தலைப்பாக நிற்கும். ஒரே சொல்லை இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. கீழ்த் தலைப்புகளும் குறுகிவிடும்.

பழைய நிரல்களை எடுத்து ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்புக்கு அடியில் கோடு போடும் 'ஹெட்லைன்' விருப்பம், எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்கும் பழைய 'லிஸ்டிங்' வெளியீட்டுக்கு மட்டுமே பொருந்தும். பி.டி.எஃப்., எச்.டி.எம்.எல். வெளியீடுகளில் அது எதுவும் செய்யாது. அங்கே கோடு, நிறம், சீரமைப்பு எல்லாவற்றையும் 'ஸ்டைல்' விருப்பத்தில் தலைப்புக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும்.