டவுன்ஸ் என்றால் தாழ்நிலம் இல்லை, குன்று

இங்கிலாந்துப் பட்டாம்பூச்சிகளைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தின் தமிழ் வசனத்தில் மறுபடியும் ‘சுண்ணாம்புத் தாழ்நிலம்’ என்று வந்தது. இதோடு மூன்று தடவை கேட்டுவிட்டேன், இனிச் சொல்லாமல் இருக்க முடியாது.

அதன் ஆங்கில மூலம் ‘சாக் டவுன்லேண்ட்’, அதாவது தென் இங்கிலாந்தின் சுண்ணக் குன்றுகளில் உள்ள புல்வெளி. அதில் வரும் டவுன், ‘கீழே’ இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் குன்று. ‘குன்றிலிருந்து’ என்று பொருள்படும் தொடர் தேய்ந்துதான் பிற்பாடு ‘கீழே’ என்ற டவுனே பிறந்தது. மேட்டைக் குறித்த சொல்லைப் பள்ளமாக்கிவிட்டோம்.

போன ஜூலைக் கடைசியில் தென்கிழக்கு இங்கிலாந்தின் சர்ரேயில் பாக்ஸ் ஹில் என்ற சுண்ணக் குன்றில் ஏறினேன். 224 மீட்டர்தான், ஆனாலும் அந்த வெயிலுக்கு மூச்சு வாங்கியது. பாதையோரம் காய்ந்துகொண்டிருந்த மாட்டுச் சாணத்தில் ஏழெட்டு ஆண் நீலன் பட்டாம்பூச்சிகள் நெருக்கியடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. வெளிறிய வெள்ளி நீலச் சிறகு, கரும்பழுப்பு ஓரம், அதற்கும் வெளியே வெள்ளைக் குஞ்சம். இதன் பெயர் சாக்ஹில் புளூ. பெயரிலேயே ‘ஹில்’ இருக்கிறது! அதே படத்தில் இந்தப் பெயரையும் சொன்னார்கள், அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

‘ஒரு சொல்தானே, போகட்டும்’ என்கிறார் நண்பர். போகட்டும் என்று விட முடியாது, ஏனென்றால் தாழ்நிலம் என்றதும் நமக்கு நீர் தேங்கும் இடம்தான் மனதில் வரும். இங்கே நடப்பது நேர்மாறு. மண் மெல்லியது, மழைநீர் அடியிலுள்ள சுண்ணத்துக்குள் இறங்கிவிடும், தெற்கு பார்த்த சரிவு சட்டென்று சூடேறும், அதில் குட்டையான புல்லுக்கு நடுவே ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடி வளரும். இந்த நீலனின் புழு தின்பது அந்தச் செடியைத்தான். 1950களில் நோய் வந்து, புல்லை மேய்ந்து குட்டையாக வைத்திருந்த முயல்கள் செத்தபோது புல் உயர்ந்து, இதன் உறவுக்காரனான அடோனிஸ் நீலன் பல சரிவுகளில் இல்லாமலே போனது. ‘தாழ்நிலம்’ என்று படித்தவருக்கு இதில் எது புரியும்?

‘சுண்ணாம்புச் சமவெளி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு, சரிவு இல்லாத இடத்துக்குத்தான் சமவெளி என்று பெயர். சிலர் ‘தேரி’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அது தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடு, அதை இங்கே இழுக்கக் கூடாது.

அப்புறம் ‘சாக்’. இதைச் சுண்ணாம்புக்கல் என்று எழுதினால் கெட்டியான கட்டடக் கல் என்று நினைத்துக்கொள்வார்கள். இது விரலில் மாவாக ஒட்டும். நம்மிடம் சீமைச்சுண்ணாம்பு என்ற சொல் எப்போதோ இருக்கிறது, அதை ஏன் மறந்தோம்? முதல் தடவை ‘சீமைச்சுண்ணாம்புக் குன்றுப் புல்வெளி’ என்று முழுசாகச் சொல்லிவிட்டு, அடுத்தடுத்து ‘சுண்ணக்குன்று’ என்று சுருக்கிக்கொள்ளலாம். சவுத் டவுன்ஸ் என்ற குன்றுத்தொடரின் பெயர் ஊர்ப்பெயர் மாதிரி, அதை மொழிபெயர்க்கவே வேண்டாம்.

இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் வரும் பொருளோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தின் படம் ஒன்றைப் பார்த்திருந்தால்கூடப் போதும், யாரும் தாழ்நிலம் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.