துவண்டு பிறக்கும் குழந்தைக்கு முதலில் எந்தச் சோதனை?

பிறந்த குழந்தை கையில் எடுத்தால் துவள்கிறது. அழுகைச் சத்தம் மெலிந்திருக்கிறது. பால் இழுக்கத் தெம்பில்லாமல் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால் போகிறது. ஆண் குழந்தையென்றால் விதைகள் பெரும்பாலும் கீழிறங்கியிருக்காது. வயிற்றிலிருந்தபோதே அசைவு குறைவு என்று தாய் சொல்வார். மூச்சுத்திணறல், கிருமித்தொற்று என்று தேடியும் காரணம் கிடைக்காவிட்டால் பிராடர்-வில்லி என்ற மரபணு நோயை நினைக்க வேண்டும். சூரிச் மருத்துவர்கள் 1956இல் விவரித்த நோய் இது. 10,000 முதல் 30,000 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது.

பல இடங்களில் முதலில் எழுதித்தருவது குரோமோசோம்களை எண்ணி, வடிவத்தைப் பார்க்கும் கேரியோடைப் சோதனை. 46 குரோமோசோம்களும் சரி என்று அறிக்கை வரும், வீட்டில் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து, இந்த நோய் அந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம்.

15ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியை எல்லோரும் இரண்டு பிரதிகளாக வைத்திருக்கிறோம். தாய் தந்த பிரதியில் மெத்தில் முத்திரை (மரபணுவை அணைத்துவைக்கும் வேதிக் குறி) விழுந்திருப்பதால் அதிலுள்ள சில மரபணுக்கள் வேலை செய்யாது. தந்தை தந்தவை மட்டுமே செய்யும். எழுத்துப் பிழை எதுவுமில்லை, வாய் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே தந்தையின் பிரதியில் அந்தத் துண்டு விடுபட்டாலோ (பாதிக்கும் மேற்பட்டோரிடம் இதுதான்), இரண்டு பிரதிகளும் தாயிடமிருந்தே வந்துவிட்டாலோ, அபூர்வமாக முத்திரையே தவறாக விழுந்தாலோ நோய் வருகிறது. இதே பகுதி தாய்வழியில் இல்லாமல் போனால் வருவது வேறு நோய், ஏஞ்சல்மேன்: வலிப்பு, பேச்சின்மை, காரணமற்ற சிரிப்பு.

எனவே முதலில் கேட்க வேண்டியது இந்த முத்திரையைப் பார்க்கும் மெத்திலேற்றச் சோதனை. ஊதா மூடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் போதும், மூன்று காரணங்களையும் சேர்த்து 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஃபிஷ் (FISH) சோதனை துண்டு விடுபட்டதை மட்டுமே காட்டும். அது நார்மல் என்பதால் நோய் இல்லை என்றாகாது.

நோயின் பெயர் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள், எந்த வகை என்றும் கேளுங்கள். விடுபட்ட துண்டோ, தாயின் இரட்டைப் பிரதியோ என்றால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. முத்திரையைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ பகுதியிலேயே குறையிருந்து அது தந்தையிடமும் இருந்தால் 50 சதவீதம். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று உறவினர் சொல்வது இந்த நோய்க்குப் பொருந்தாது. உணவால் மரபணுவைத் திருத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களும் அப்படியே. எந்த மாத்திரையும் கீரையும் இந்த முத்திரையை மாற்றாது.

சுமார் 2 வயதில், அதிகம் சாப்பிடாமலேயே எடை ஏறத் தொடங்கும். அடங்காத பசி பல வருடம் கழித்தே வரும். அதற்கு முன்பே சமையலறைக்குப் பூட்டும் குறித்த நேரச் சாப்பாடும் பழக்கமாகிவிட வேண்டும். சம வயதுக் குழந்தைகளின் கலோரியில் 60 முதல் 80 சதவீதம் போதும். அளவை உணவியல் நிபுணர் சொல்லட்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசி உயரத்துக்கு மட்டுமல்ல, தசைக்கும் உதவும். ஆனால் தொடங்கும் முன்பும் 8 முதல் 10 வாரம் கழித்தும் தூக்கச் சோதனை அவசியம். சிலருக்கு தொண்டைச் சதை (டான்சில், அடினாய்டு) பெருத்து மூச்சடைப்பு கூடும்.

பள்ளிக்கும் பாட்டி வீட்டுக்கும் ஒன்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். இந்தக் குழந்தைகள் வாந்தி எடுப்பது அரிது, வலியையும் அதிகம் உணர்வதில்லை. ஒருநாள் வாந்தியெடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, பசியே இல்லையென்றாலோ இரைப்பை கிழியும் ஆபத்து இருக்கலாம். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், நோயின் பெயரைச் சொல்லி வயிற்றைப் படமெடுக்கக் கேளுங்கள்.